பதினோரு வாரமும் மூணு

மாடிவீட்டுக்காரி படியிறங்கி வந்த சத்தத்தைக் கேட்டதுமே கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். சாதாரணமாக அவள் இறங்கி வருவதே தெரியாது. அன்றைக்கு ஒவ்வொரு படியையும் உதைத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போட்டுக்கொள்ளும் நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே விஷயம் கைக்கு வந்துவிட்டது போலிருக்கிறது.

"இதைப் படிங்கண்ணே" என்று ஒரு தாளை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "நான் படிச்சது சரியான்னு பாருங்க. தப்பாப் படிச்சிருந்தா நல்லாயிருக்கும்."

நாலே வரி. பயிற்சியில் முழு முயற்சி காட்டாத காரணத்தால் ஏழாம் எண் வீராங்கனை தேர்வுப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார். ஆட்சேபம் இருந்தால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மைதானத்தில் நேரில் சொல்லலாம். கீழே பயிற்சியாளர் கையெழுத்து, கோழி கிளறியது மாதிரி.

"சரியாத்தான் படிச்சிருக்கே" என்றேன்.

"முழு முயற்சி காட்டலையாம். என் பொண்ணு! சோம்பேறிங்கிறதைத்தான் சுத்தி வளைச்சு எழுதியிருக்கான், இல்லையாண்ணே? சோம்பேறி!"

எனக்கும் சுர்ரென்று ஏறியது. அந்த வீட்டைப் பற்றி யார் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல வாய் கூசவேண்டும்.

என் சைக்கிள் கடைக்கு நேர் மேலே அவர்கள் குடியிருந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சலவைக்கூடத்தில் அவள் நிற்பது துணியைச் சூட்டில் தேய்த்துத் தள்ளும் உருளை மெஷின் முன்னால். ஈரப் போர்வையை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து, சுருக்கம் இல்லாமல் உருளைக்குள் கொடுக்கவேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு போர்வை. ஆவி முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். மேற்பார்வைக்காரன் அரை மணிக்கு ஒரு தடவை நடந்து வந்து, "என்னம்மா, முடியுதா?" என்று கேட்பான். அக்கறையாகக் கேட்கிற மாதிரிதான் இருக்கும். வேலைக்குப் புதிதாக வந்த ஒருத்தி அதை நம்பி, "கொஞ்சம் கஷ்டமா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் வேலைப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அதிலிருந்து அந்த மெஷின் முன்னால் யாருக்கும் கஷ்டம் என்பதே கிடையாது. எல்லாருக்கும் "பரவாயில்ல சார்"தான்.

அவள் புருஷன் வீடு மாற்றும் லாரியில் சுமை தூக்குகிறவன். ஒரு தடவை மூன்றாம் மாடிப் படியில் பீரோவோடு உருண்டுவிட்டான். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். கண்ணைத் திறந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "பீரோவுக்கு ஒண்ணும் ஆகலைல்ல?" இரண்டு விலா எலும்பு விரிசல். கேட்கிறவர்களிடமெல்லாம் "லேசாப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டு ஒரு மாதம் திரிந்தான். இப்படிப்பட்ட இரண்டு பேருக்குப் பிறந்த ஒரே பெண்ணைத்தான் சோம்பேறி என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.

பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. என் கடையில் பழைய ஃபிரேம் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து வண்டி ஆக்கி, மூன்று வருஷத்தில் இந்தப் பக்கத்துப் பந்தயங்களில் எல்லாரையும் பின்னால் தள்ளியவள். அணித் தேர்வுக்கு முந்தைய பயிற்சிக்குப் பன்னிரண்டு பேரை எடுத்தார்கள். அதில் இவள் ஏழாம் எண். தேர்வில் ஜெயித்தால் அணியில் இடம், விடுதி, நல்ல வண்டி, ஊர் ஊராகப் பந்தயம். அவள் அம்மா சலவைக்கூடத்தில் அதைச் சொல்லாத ஆள் இல்லை.

பயிற்சியாளருக்கு மைதானத்தில் 'விசில்' என்று பெயர். தூங்கும்போதும் கழுத்தில் விசில் கிடக்கும் என்று பெண்கள் சிரிப்பார்கள். அவருடைய முறையை இந்தப் பெண் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து எனக்கு விளக்கியிருக்கிறாள். நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை. அதைத் தண்ணீரில் நனைத்துக் கட்டவேண்டும், இல்லாவிட்டால் துடிப்பைப் பிடிக்காது. நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்று ஹேண்டில்பாரில் எண் ஓடும். துடிப்பை ஐந்து படியாகப் பிரித்து வைத்திருந்தார். முதல் படியில் மிதித்துக்கொண்டே பாட்டுப் பாடலாம். மூன்றாவதில் பேச்சு துண்டு துண்டாக வரும். ஐந்தாவதில் பெயரைக் கேட்டால்கூட மூச்சுதான் பதிலாக வரும். இன்றைக்கு இத்தனை நிமிஷம் இந்தப் படி, நாளைக்கு அந்தப் படி என்று ஒவ்வொருத்திக்கும் தனித்தனி அட்டவணை.

நல்ல முறைதான், குறை சொல்லமாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் ஒரே மாதிரி விரட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"சோம்பேறின்னு எதை வெச்சு எழுதுனான்?" என்று அவள் அம்மாவைக் கேட்டேன்.

"அதை அவளையே கேளுங்க. ஏய், கீழ வாடி!"

பெண் இறங்கி வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து வந்தாள். கன்னம் ஒட்டி, உதடு வெடித்திருந்தது. தினம் பார்க்கிற முகம்தான், அதனால்தானோ என்னவோ நான் சரியாகவே பார்க்கவில்லை.

"என்னடி இது? நீ அழுத்தலையா?"

"அழுத்துனேம்மா."

"பொய் சொல்லாத. அழுத்துனா ஏன் இப்படி எழுதுறான்?"

"துடிப்பு ஏறல. முன்னெல்லாம் மேட்டுல நூத்தி எண்பத்தாறு போகும். இப்ப நூத்தி ஐம்பதுக்கு மேல போக மாட்டேங்குது. சார் பார்த்துட்டு, நீ மிதிக்கிற மாதிரி நடிக்கிறேன்னு சொல்றாரு. ஓட்டமும் குறைஞ்சுபோச்சு. அதே மேடு, நாலு நிமிஷம் லேட்டு."

"அப்ப நடிக்கத்தானே செய்யிற!" அவள் கை ஓங்கிவிட்டது. நான் குறுக்கே போனேன். "விடுங்கண்ணே! அறுநூறு போர்வைண்ணே ஒரு நாளைக்கு! இவளுக்கு முட்டை வேணும், பழம் வேணும், பால் வேணும்னு எல்லாத்தையும் வாங்கிப் போட்டுட்டு நானும் அவரும் வெறும் ரொட்டியை டீயில முக்கித் தின்னுட்டுப் போறோம். இவ மேட்டுல காத்து வாங்கிட்டு வர்றாளா?"

பெண் அழவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள். "வண்டி இழுக்குதுன்னு உங்ககிட்ட சொன்னேனே மாமா."

சொன்னாள். ஒரே மாதத்தில் மூன்று தடவை சொன்னாள். சக்கரம் சுற்றமாட்டேன் என்கிறது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். முதல் தடவை பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறதா என்று பார்த்தேன். உரசவில்லை. இரண்டாவது தடவை அச்சைப் பிரித்து, பால்ஸ் குண்டுகள் எல்லாவற்றையும் மாற்றி, புது கிரீஸ் வைத்தேன். மூன்றாவது தடவை வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுண்டிவிட்டேன். ஒரு டீ குடித்து முடிக்கும் வரை சுற்றியது. "வண்டி கல்லு மாதிரி இருக்கு, போ" என்று தோளில் தட்டி அனுப்பினேன். முப்பது வருஷமாகத் தொழில் செய்கிறவனுக்கு, இழுப்பது வண்டி இல்லை என்றால் அடுத்து எதைப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. என் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

"வண்டில ஒண்ணும் இல்லைம்மா. நான் மூணு தடவை பார்த்தேன்" என்றேன்.

"ஆக, இவமேலதான் தப்பு" என்றாள் அவள், தாளை மடித்துக்கொண்டே. "சனிக்கிழமை நானே வர்றேன். அவன் முன்னாடி நிக்க வெச்சுக் கேக்குறேன். அவன் பொய்யா, இவ பொய்யான்னு தெரிஞ்சிடும்."

இடையில் இருந்த இரண்டு நாளும் அவள் மகளிடம் பேசவில்லை. பாத்திரங்களோடு பேசினாள். அதெல்லாம் என் தலைக்கு மேலேயே கேட்டது.

சனிக்கிழமை காலை எங்கும் ஈரம். இரவெல்லாம் தூறி, விடிந்த பிறகும் வானம் திறக்கவில்லை. என் பழைய வேனில் வண்டியை ஏற்றி நாலு பேரும் போனோம். அம்மாக்காரி அங்கிருந்தே வேலைக்குப் போக நீலக் கோட்டோடு வந்திருந்தாள். அப்பாக்காரன் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வந்தான், பீரோவைப் பிடிக்கிற மாதிரி.

மைதானத்து ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. உள்ளே மேஜை, நாற்காலி, சுவரில் அட்டவணைகள். வெளியே மற்றப் பெண்கள் பட்டையை வாளித் தண்ணீரில் முக்கிச் சட்டைக்குள் கட்டிக்கொண்டிருந்தார்கள். குளிருக்கு ஒவ்வொருத்தியும் "ஸ்ஸ்" என்றாள்.

விசில் ஒல்லியான மனிதர். மேஜையிலிருந்த ரொட்டியைக்கூட அவர் முழுசாகத் தின்றிருக்கவில்லை. ராட்சசனை எதிர்பார்த்துப் போன எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"உக்காருங்கம்மா."

"நான் நின்னே பழகினவ. சொல்லுங்க, என் பொண்ணு என்ன பண்ணா?"

"ஒண்ணும் பண்ணலைங்கிறதுதான் பிரச்சினை" என்றார் அவர். ஃபைலைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். "நானா எதையும் எழுதல. இந்தப் பத்தி பட்டை சொன்னது. பக்கத்துல இருக்கிறது உங்க பொண்ணே வாயால சொன்னது. முதல் வாரம் பாருங்க, நூத்தி எண்பத்தாறு, நூத்தி எண்பத்தெட்டு. ஆனா கஷ்டம் எவ்வளவுன்னு கேட்டா மூணுங்கிறா. சரி, சில பேருக்கு இதயம் பிறவியிலேயே வேகமா அடிக்கும், இவளுக்கு இது ஒரு பொருட்டே இல்லன்னு நினைச்சு, எல்லாப் படியையும் பத்துப் பத்துத் துடிப்பு ஏத்துனேன். ரெண்டு தடவை ஏத்துனேன். அப்பவும் மூணு. இப்ப பாருங்க, நூத்தி ஐம்பது. அதுக்கும் மூணு. துடிப்பும் ஏறல, கஷ்டமும் இல்ல, ஓட்டமும் இல்ல. இதுக்கு என்னங்க அர்த்தம்? நான் வேற என்ன நினைக்கிறது?"

அவள் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் விரலை அந்தப் பத்தியில் வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே போனாள். பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த பக்கத்திலும் விரல் இறங்கியது. "மூணு. மூணு. மூணு. மூணு." உதடு மட்டும் அசைந்தது. நாலாவது பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

"இந்த மூணு எத்தனைக்கு மூணு?"

"பத்துக்கு."

"பத்துன்னா என்ன?"

"அதுக்கு மேல ஒரு மிதிகூட முடியாதுன்னு அர்த்தம்."

"மூணுன்னா?"

"பேசிக்கிட்டே போகலாம். சும்மா கடைக்குப் போயிட்டு வர்ற மாதிரி."

"மேட்டுல?"

"மேட்டுலதான்."

அவள் மெதுவாக நிமிர்ந்தாள். கோபம் எங்கே போய் விழப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். மகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் ஃபைலைப் பார்த்தாள்.

"ஏன் சார், பதினோரு வாரமும் ஒருத்தி மூணுன்னே சொன்னா, உங்களுக்கு ஒரு சந்தேகம்கூட வரலையா?"

"அவ உடம்பும்மா. அவளுக்குத்தானே தெரியும்? நான் கேட்டேன், அவ சொன்னா, எழுதிக்கிட்டேன்."

"எங்க வீட்டுல கையை வெட்டிக்கிட்டாலும் மூணுதான் சார்! இதோ நிக்கிறாரே இந்த மனுஷன், விலா எலும்பு விட்டுப்போனப்ப லேசாப் பிடிச்சிருக்குன்னாரு. எங்ககிட்டப் போய் கஷ்டமான்னு கேட்டா நாங்க எங்கிருந்து சார் சொல்லுவோம்? கேக்குறவன் எதுக்குக் கேக்குறான்னு முதல்ல பார்ப்போம். கஷ்டம்னு சொன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவான்னு பயந்தே பொழைச்சவங்க!"

"நான் அப்படியா தூக்கிடுவேன்?" என்றார் விசில்.

"தூக்கிட்டீங்களே!" என்று மேஜையில் தாளை வைத்து அறைந்தாள். ரொட்டித் தட்டு குதித்தது.

அவருக்கும் கோபம் வந்தது. நியாயம்தான், பதினோரு வாரம் அவரும் வெயிலில் நின்றிருக்கிறார். "சரி, வாய்ப்பேச்சு எதுக்கு? இப்பவே பட்டையைக் கட்டட்டும். மேடு வரைக்கும் ஒரு ஓட்டம். நூத்தி எண்பதைத் தொட்டா நீக்கினதை ரத்து பண்றேன். போதுமா?"

பெண் வெளியே போய்விட்டாள். பட்டையை வாளியில் முக்கினாள், கட்டினாள், வண்டியை உருட்டினாள். ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடவே இரண்டு தடவை முயன்றாள். நான் ஹேண்டில்பாரில் ஓடிய எண்ணைப் பார்த்தேன். நின்றுகொண்டிருக்கும்போதே தொண்ணூற்றெட்டு. "இது என்ன சார், நிக்கும்போதே இவ்வளவு அடிக்குது?" என்று கத்தினேன். விசில் குனிந்து பார்த்தார். 

அதற்குள் அம்மாக்காரி ஓடிவந்து பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்குடி."

"விடும்மா. நான் தொட்டுருவேன்."

"இறங்குன்னு சொல்றேன்."

"ஒரே ஒரு ஓட்டம்தானேம்மா. பரவாயில்ல."

"இன்னொரு தடவை பரவாயில்லைன்னு சொன்னே, பல்லு முப்பத்திரண்டும் இங்கேயே கிடக்கும்!" மைதானம் முழுக்கக் கேட்டது. புறப்படத் தயாரான பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். "நான்தாண்டி உனக்கு அதைச் சொல்லிக் குடுத்தேன். என் வாயிலதான் சூடு போடணும். சார், நீங்க என்னைக் கேளுங்க. அந்தப் பத்துக்கு எவ்வளவுன்னு என்னைக் கேளுங்க!"

"அம்மா, நீங்க எதுக்கு..."

"கேளுங்க சார்!"

விசில் கேட்டார்.  "எவ்வளவும்மா?"

"ஒன்பது" என்றாள். "பதினேழு வருஷமா ஒன்பது. காலைல எந்திரிக்கும்போதே ஆறு. சாயங்காலம் கை ரெண்டையும் மடக்க முடியாது. பல்லால கடிச்சுத்தான் கோட்டுப் பட்டனைக் கழட்டுறேன். என் வீட்டுக்காரருக்குக்கூட இது தெரியாது. இப்ப அவளைக் கேளுங்க."

புருஷன் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த ஆளுக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை.

யாரும் கேட்கவில்லை. அதற்கு முன்பே பெண் பேசிவிட்டாள். ஹேண்டில்பாரில் நெற்றியை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"முதல் நாளே எட்டு சார். மூணாவது வாரத்துலேர்ந்து ஒன்பது. இப்ப ஒரு மாசமா... மாடிப்படியே ஒன்பது சார். ராத்திரி தூக்கம் வரல. வண்டி இழுக்குதுன்னுதான் நினைச்சேன்."

விசில் ஃபைலைத் திறந்தார். பேனாவை எடுத்து அந்த மூன்றுகளில் ஒன்றின் மேல் வைத்தார், எழுதாமல் எடுத்துவிட்டார். "நூத்தி ஐம்பது, கஷ்டம் மூணுன்னா நடிப்பு" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. "நூத்தி ஐம்பது, கஷ்டம் ஒன்பதுன்னா உடம்பு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். அழுத்துறா, இதயம் எழுந்திரிக்க மாட்டேங்குது. நான் ரெண்டு தடவை ஏத்தி வேற விட்டிருக்கேன்." அப்புறம் அவளைப் பார்த்துக் கோபமாகக் கத்தினார். "ஏன் சொல்லலை? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தா நான் ஒரு வாரம் படுக்கப் போட்டிருப்பேனே! எதுக்குடா தினமும் கேட்டேன் உங்களை? எதுக்கு?"

அந்தக் கேள்வியை அவர் எல்லாப் பெண்களையும் பார்த்துக் கேட்டார். மற்றப் பதினோரு பேரில் ஒருத்தியும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. நாலாம் எண் மட்டும் தன் பட்டையைக் கழற்றி வாளியில் போட்டாள்.

"இப்ப சொல்லிட்டாள்ல" என்றான் அப்பாக்காரன். அன்றைக்கு அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். "இப்ப என்ன செய்யணும்?"

"வண்டியைத் தொடக்கூடாது. முதல்ல டாக்டர்கிட்டக் காட்டுங்க. ரெண்டு மாசம், மூணு மாசம் ஆனாலும் ஆகும். நல்லாத் தின்னணும், தூங்கணும். முயற்சி காட்டலைன்னு எழுதினதை அடிச்சுடறேன். உடல்நலக் குறைவுன்னு எழுதறேன்."

"தேர்வு?" என்றாள் பெண், தலையைத் தூக்கி.

"இன்னும் ஒன்பது நாள்தாம்மா இருக்கு."

"அடுத்த வருஷம்?"

அவர் ஃபைலை மூடினார். இருபது வயதுக்குக் கீழேதான் இந்த அணி. அடுத்த வருஷம் அவளுக்கு இருபது. அங்கே நின்றவர்களில் அது தெரியாதவர் யாரும் இல்லை.

பெண் வண்டியிலிருந்து இறங்கினாள். இறங்கியவள் நிற்க முடியாமல் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மாக்காரி நீலக் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நான் பெண்ணைத் தூக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"என் இடம் போச்சாம்மா?"

ஏதாவது ஆறுதல் சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். விசிலும் காத்திருந்தார்.

"ஆமாடி" என்றாள் அவள். "போச்சு."

பெண் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.